தரிசு என்று நான் எழுதிய காடு

அக்கா, உங்களுக்கு எழுத எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இன்று காலை வேலியாக ஊன்றக் கிளுவைப் போத்து வெட்டினேன். மூன்று முறை சோப்புப் போட்டும் கையிலிருந்து பிசின் வாசனை போகவில்லை. பேருந்தில் காங்கேயம் தாண்டும்வரை கையை மடியில் மறைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தக் கூட்டம் உங்கள் வாசலில்தான் நடந்தது. மண் பாலையாகிறது, மரம் நட்டுத் தடுப்போம் என்று சிங்காநல்லூர் அலுவலகத்திலிருந்து நாங்கள் ஜீப்பில் வந்திருந்தோம். படிவத்தை நிரப்புவது என் வேலை. மாடு மேயும் உங்கள் கொறங்காட்டைக் காட்டி எங்கள் சார், "வெறும் முள்ளும் புல்லும்தானே?" என்றார்.

"ஏனுங்க சார், எங்க மாடு பின்ன காத்தக் குடிச்சா பால் கறக்குது?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "அம்மணி, உன்ற பேச்சக் கேட்டா இந்தப் பக்கந்தான்னு தெரியுது. நீயே சொல்லு கண்ணு, இது சும்மா கெடக்கற பூமியா?"

எனக்குத் தெரியும் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை விடுமுறை நாட்களில் இதே மாதிரிக் காட்டில் அம்மாவோடு ஆடு மேய்த்தவள் நான். கொழுக்கட்டைப் புல் மண்ணைப் பிடித்துவைக்கும், வெள்வேல மரம் நிழலும் காயும் தரும், சுற்றியுள்ள கிளுவை வேலி காற்றைத் தடுக்கும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆடு மேய்த்தவள் என்று தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்று குனிந்துகொண்டேன். நிலத்தின் நிலை என்ற கட்டத்தில் "தரிசு" என்று எழுதினேன்.

உங்கள் வீட்டுக்காரர், மாமா, கையெழுத்துப் போடத் தயங்கினார். பிறகு, "படிச்ச புள்ள எழுதுனா செரியாத்தான் இருக்கும்" என்று போட்டார். என் பேனாவைத்தான் வாங்கிப் போட்டார்.

தண்ணீர் லாரி உள்ளே வர வேலியைப் பிடுங்கினார்கள். டிராக்டர் புல்லை வேரோடு புரட்டியது. நட்ட கன்றுகள் கோடைவரை நின்றன, பிறகு காய்ந்தன. பிடிக்கப் புல் இல்லாத மண் ஆடிக் காற்றில் எழும்பி உங்கள் சோற்றுப் பானைவரை வந்தது.

மேய்ச்சல் இல்லாமல் நீங்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிய மறுநாள், காய்ந்த மரக்கன்றுகளைப் படமெடுக்க வந்தேன். "வா கண்ணு. இனி உங்க செடிய மேய எங்கூட்ல மாடில்ல. தைரியமா நடு" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். மோர் பக்கத்து வீட்டில் வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. முழுவதும் குடித்தேன். அப்போதும் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

வேலையை விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் உங்கள் தெருப் பெண்கள் நான்கு பேரோடு காட்டுக்கு வருகிறேன். வரப்பில் கிளுவைப் போத்து ஊன்றுகிறோம். ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் சேர்த்துப் புல் விதை தூவினோம். தானாக முளைத்த வெள்வேலங் கன்றுகளை முள் வைத்துக் காக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கங்கே புல் தலைகாட்டியிருக்கிறது. ஒரு கொத்தை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா வருகிறவர்களிடமெல்லாம், "இந்தப் புள்ளையாலதானுங்க காடு திரும்புது" என்கிறார். கேட்கும்போது காது கூசுகிறது. அந்தக் கட்டத்தில் தெரிந்தே பொய் எழுதினேன் என்பது அவருக்குத் தெரியாது. வருகிற ஞாயிறு சொல்லிவிடப் போகிறேன். மன்னிக்கச் சொல்லி அவரிடம் நீங்கள் பரிந்து பேச வேண்டாம். காட்டுப் பக்கம் வராதே என்றால் போய்விடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க நினைத்தேன். இவ்வளவு நேரம் அதைத்தான் தள்ளிப்போட்டேன். புல்லைப் பார்த்த சந்தோஷத்தில் மாமா ஒரு கன்றுக்குட்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறார். புல் விதை உதிரும் முன்னே கன்றை உள்ளே விட்டால் எல்லாம் போய்விடும். பொய்யை ஒப்புக்கொண்ட பிறகு நான் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? கனவிலாவது வந்து நீங்களே சொல்லுங்கள் அக்கா, இந்த ஒரு வருடம் மட்டும் பொறுக்கச் சொல்லி.