நீர் மறுத்த துறையிலிருந்து

குமிழித்தீவகத்தின் தலைவியும், ஏழு கழிமுகங்களுக்கு உரியவரும், கடலோடிகளின் தாயுமாகிய திருமிகு மணித்திரை நங்கையார் திருமுன்பு, கொற்றவாரி நாட்டு மன்னர் நெடுந்திரைக் கொற்றனார் பணிக்க, அவருடைய முதலமைச்சன் அரும்பொழில் ஆதன் எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பொழிக, வயல் விளைக, கலங்கள் கரை சேர்க. இந்தக் கடைசி வாழ்த்தை எழுதும்போதே எழுத்தாணி கூசுகிறது. அதைச் சொல்லும் தகுதியை எம் நாடு இழந்துவிட்டது.

தங்கள் மீகாமன் உவாலி செலுத்திய கலம் ஏன் திரும்பவில்லை என்று தாங்கள் தூது விடுத்துக் கேட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் ஒரு மறுமொழி எழுதினோம். பருவம் தப்பிய காற்றின் மீதும் பாறைகளின் மீதும் பழியைப் போட்டு, யானே அதை அழகாக எழுதினேன். அழகாக எழுதுவதில் எனக்குச் சற்றுக் கர்வமும் உண்டு. அதைப் படிக்கக் கேட்ட எம் மன்னர், துறைமுகச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்ததும் காற்றுதானோ என்று வினவினார். அந்த ஓலை அடுப்புக்குப் போயிற்று. இனி நடந்ததை நடந்தபடியே கூறுகிறேன்.

எம் நாட்டில் ஆண்டுக்கொருமுறை தாய்மண் திருநாள் வரும். எங்கள் குலமுதல்வியாகிய கரையேறியம்மையின் பீடத்தில், இம்மண்ணில் பிறந்த பொருள்களை மட்டுமே மன்னர் தம் கையால் படைப்பார். கடல் கடந்து வந்த எதுவும் அன்று எம் துறையைத் தீண்டலாகாது; ஆகவே விடியற்காலையிலேயே துறைமுக வாயிலில் சங்கிலி கட்டப்படும். அந்த நாளில்தான் உவாலியின் கலம் வந்தது. குடிநீர் தீர்ந்துவிட்டதென்றும், கலத்தில் காய்ச்சல்காரர் பலர் கிடக்கின்றனரென்றும், தாம் கரையில் கால் வைக்க வேண்டியதில்லை, சங்கிலிக்கு மேலாகச் சில குடங்களை நீட்டினால் போதும் என்றும் உவாலி வேண்டினான். துறைக்காவலன் அதைப் பீடத்தின் முன் நின்ற மன்னரிடம் ஓடிவந்து உரைத்தான். மன்னர் அம்மையின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தாமலே கையை அசைத்தார். முடிந்தபின், இன்று ஒருநாள் பொறுக்கட்டும், நாளை வேண்டுமளவு தருவோம் என்று சொல்லியனுப்பினார்.

அவர்களால் பொறுக்க முடியவில்லை. நன்னீர் தேடி வடக்கே ஆற்றுமுகத்தை நோக்கிப் போன கலம் பாறையில் மோதிச் சிதறியது. உவாலியின் தங்கை தெமாரி மட்டும் ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு பிழைத்தாள். மீனவர் அவளை மறுநாள் அரண்மனைக்கு அழைத்து வந்தனர்.

எம் மன்னர் கொடியவர் அல்லர். ஆனால் தம்மீது தவறில்லை என்று அந்தப் பெண்ணுக்கு உணர்த்த முனைந்தார். பாழாய்ப்போன அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ! அவளைப் பீடத்தின் முன் நிறுத்தி, இங்குள்ள யாவும் எம் மண்ணில் பிறந்தவை, இதன் தூய்மைக்காகவே வாயிலை அடைத்தோம் என்றார். தெமாரி கோபிக்கவில்லை. கற்பூரத்தைக் காட்டி, இது கிடைக்கும் மரம் இங்கே எந்த மலையில் வளர்கிறது என்று கேட்டாள். அது கீழைக்கடல் வணிகர் கொண்டுவருவது என்று பூசகர் முணுமுணுத்தார். மன்னர் அதை எடுத்துவிடச் சொன்னார். பின் கிராம்பு போயிற்று. அம்மையின் பட்டு போயிற்று. விளக்கின் செம்பு மேலைக்கரையிலிருந்து வந்ததென்று கருவூலம் காக்கும் பண்டாரநாயகம் ஒப்புக்கொள்ள, விளக்கும் போயிற்று. அவையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அரிசியும் மிளகும் எஞ்சின. அரிசியாவது எமது என்று பூசகர் நிமிர்ந்தார். அவரைத் தடுத்தவர் மன்னரே. அந்த நெல்லின் விதையை மடியில் முடிந்துகொண்டு, உடைந்த ஓடத்தில் அம்மை இக்கரையில் வந்து விழுந்ததையும், மலைக்குடியினர் ஓடிவந்து அவளுக்கு நீர் கொடுத்ததையும் அன்றோ அந்தப் பாட்டு சொல்கிறது! அது மறைபொருளன்று, எம் நாட்டில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். முந்தைய நாள் அதைத்தான் மன்னர் தழுதழுத்த குரலில் பாடினார், வாயிலில் நீர் கேட்டு நின்றவர்களுக்குக் கையை அசைத்தபடியே.

அப்போது தெமாரி மிளகில் சிலவற்றை உள்ளங்கையில் எடுத்தாள். தம் தீவில் பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் முதலில் கொடுப்பது மிளகுக்கஞ்சி என்றும், அது தம் தீவின் தோட்டத்துப் பொருள் என்றே இதுவரை எண்ணியிருந்ததாகவும், அது எம் கரையிலிருந்து வந்தது என்று இன்றுதான் அறிந்ததாகவும் கூறினாள். அதன்பின்தான் தன் அண்ணனை நினைத்து வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து எம் மன்னர் அரியணையில் அமர்வதில்லை. வெட்கம் அவரைத் தின்கிறது. எத்தனையோ தலைமுறையாக எத்தனையோ கரைகளிலிருந்து கை நீட்டி வாங்கி வாழ்ந்த குடி, தன்னிடம் நீட்டப்பட்ட கையைத் தட்டிவிட்டதே என்று என்னிடம் சொல்லி மாய்கிறார். அவரைத் தேற்ற எனக்கும் தகுதி இல்லை. அன்று அவர் அருகில் நின்றவன் யான், வாய் திறந்தேனில்லை.

ஆதலின் அரசாணை இது. துறைமுகச் சங்கிலி அறுக்கப்பட்டது. இனி எவர் ஆளினும் அது கட்டப்படலாகாது. இவ்வோலை தங்கள் கையில் சேரும்போது, எம் மன்னர் தங்கள் துறைவாயிலுக்கு வெளியே ஒரு சிறுபடகில் தனித்திருப்பார். உடன் வந்த கலத்து மாலுமிகளுக்கு நீர் உண்டு. மன்னர் படகிலுள்ள குடம் வெறுங்குடம். யான் காலைப் பிடித்துத் தடுத்தும் அவர் கேட்கவில்லை. தாங்கள் நீர் தரலாம், நாளை வா எனலாம், தராமலே விடலாம். எதைச் செய்யினும் எம் படைத்தலைவர் எவரும் வாளைத் தொடலாகாது என்று மன்னர் அவையறிய ஆணையிட்டுள்ளார்.

இதில் பொய் ஒன்றும் இல்லையென்று தெமாரி கேட்டுச் சொன்ன பின்னரே எம் மன்னரின் நண்டு இலச்சினை இடப்பட்டது. ஓலையைக் கொணர்பவளும் அவளே. தங்கள் கரையில் இறங்கும் உரிமை அவளுக்குப் பிறப்பிலேயே உண்டு. எம் மன்னருக்கோ, தாங்கள் அழைத்தால் மட்டுமே.