ஏழாம் நம்பர் க்ளிப்பு

ஜன. 11, ஞாயிறு
பனி. ஒம்பது மணி வரைக்கும் மலையே தெரியல.

இல்லம்மா, அது ஸ்பேர் குடை இல்ல. எத்தன தடவ சொல்றது. பாராகிளைடிங்ல பெரிய குடை தலைக்கு மேல விரிஞ்சிருக்கும், அதுலதான் பறக்குறது. காத்துல அது மடங்கிச் சுருட்டிக்கிச்சுன்னா, சீட்டுக்கு அடியில மடிச்சு வச்சிருக்க சின்னக் குடையப் பிடுங்கி வீசணும். அதான் ரிசர்வ். நெறயப் பேரு வாழ்க்கையில ஒரு தடவ கூட வீச மாட்டாக. வீசுற அன்னிக்கு விரியணும். அத மடிக்கிறதுதான் என் வேல.

அம்மா யோசிச்சுட்டுக் கேக்குது: "அப்ப துணி மடிக்கிற வேலைதானடா? இதுக்கா மூணு வருசம் இன்ஜினியரிங் படிச்சுப்புட்டுப் பாதியில ஓடியாந்த?"

சாப்ட்டு எந்திரிச்சுட்டேன். புளிக்கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு.

இன்னிக்கு டேண்டம், அதான் பைலட்டோட ஒரு பேசஞ்சரும் சேந்து பறக்குறது, ஏழு. கவிதா அக்கா மூணு, பிஜு சேட்டன் நாலு. கவிதா அக்கா பெரியகுளத்துல பி.டி. டீச்சர், சனி ஞாயிறு மட்டும் பேசஞ்சர் ஏத்திப் பறக்க வருவாக. எங்க ஆளுகள்ல சுத்தமா எறங்குறது அவுகதான். கடைசிப் பேசஞ்சர் தேனி மார்க்கெட்டுல வெங்காய மண்டி வச்சிருக்கவரு. பாறைய விட்டுக் கால எடுத்ததுல இருந்து தரிசுல எறங்குற வரைக்கும் "முருகா முருகா"ன்னு ஒரே கத்து. எறங்குனதும் பெல்ட்டக் கூட கழட்டல, "டீச்சரம்மா, இன்னொரு ரவுண்டு?"

சேட்டன் குமுளிக்காரரு. சாயங்காலம் எறங்கி வரும்போது ஹார்னஸ, அதான் அந்த சீட்ட, ஜீப்பு மேல சும்மா போட்டுட்டாரு, ஒற கெடையாது. வளைவுல உண்ணிச்செடி ரிசர்வோட கைப்பிடியப் புடிச்சு இழுத்து, ரிசர்வ் முழுசா வெளிய வந்து ரோட்டுல தேச்சுக்கிட்டே வந்திருக்கு. "சாரமில்லடா, நாளைக்கு மடிச்சிரு." சாரமில்லயாம், பரவால்லையாம். ஒறைய மாட்டுங்க, ஒறைய மாட்டுங்கன்னு கரடியா கத்துறேன்.

ஜன. 12, திங்கள்
குளிரு. காத்து சுத்தமா இல்ல.

சின்னமனூர் மண்டபம். மார்கழிங்கிறதால கல்யாணம் இல்ல, மாடி ஹால் போகி வரைக்கும் நமக்கு. தை பொறந்துட்டா செட்டுப் போட வந்துருவாக.

சேட்டனோட ரிசர்வ மடிக்க சாமானெல்லாம் எடுத்து வச்சேன்.

கத்தரி 1.
மணல் பை 4.
இழுவக் கயிறு 2.
துணி காயப் போடுற க்ளிப்பு, நீலம், மார்க்கர்ல 1 - 12 நம்பர் போட்டது: 11.

திரும்ப எண்ணுனேன். 11. பைய ஒதறுனேன். பாயத் தூக்குனேன். 11.

ஏழு இல்ல.

மடிப்பு நழுவாம இருக்க க்ளிப்பு குத்துவோம். பைய மூடுறதுக்கு முந்தி ஒண்ணொண்ணா உருவணும். ஒண்ணு உள்ள நின்னுருச்சுன்னா அந்த எடம் விரியாது. வீசுனவன் மூட்டையா வருவான், துணி மேல, ஆளு கீழ.

காலேஜ விட்ட வருசம் வடக்க ஒரு ஸ்கைடைவிங் கேம்ப்புல பேக்கரா இருந்தேன். 61 ஜம்ப். எல்லாத்துலயும் சண்ட போடுவாங்க அங்கன, ஒண்ணுல மட்டும் பேச்சே கெடையாது: எடுத்த சாமான எண்ணாம பைய மூடாத. மூடுன பெறகு ஒண்ணு கொறஞ்சா அன்னிக்கு மடிச்ச அத்தனையும் தொற. ஆயிரம் ஜம்ப் ஆளு வந்து கெஞ்சுனாலும் தொற.

நல்லா ஞாபகம் இருக்கு, வியாழக்கெழம காலையில 12 இருந்துச்சு. வியாழன், வெள்ளி ரெண்டு நாள்ல ஆறு ரிசர்வும் மடிச்சேன். வெள்ளி சாயங்காலம் எண்ணுனேனா? எண்ணுன மாதிரிதான் இருக்கு.

மாதிரி.

சேட்டனோடது ரோட்டுலயே விரிஞ்சுருச்சு. மிச்சம் அஞ்சு. அந்த அஞ்சும் சனி, ஞாயிறு பறந்திருக்கு.

குரூப்புல போட்டேன்: "க்ளிப்பு ஒண்ணு காணோம். அஞ்சையும் தொறந்து பாக்குற வரைக்கும் யாரும் பறக்கக் கூடாது. சாமான் ரூம் சாவி என்கிட்ட இருக்கு."

குரூப்புல அனுபவஸ்தருக நாப்பது பேரு. வந்த அட்வைசு:
- "க்ளிப்பு வெயிட்டே இல்ல, காத்து அடிச்சா தானா தெறிச்சுரும்." (நீ மொதல்ல வீசிக் காட்டுய்யா.)
- "பவுடர் போட்டு மடி தம்பி, வழுக்கிட்டு வரும்."
- "இதுக்குத்தான் நான் ரிசர்வே வாங்கல."
- ஒருத்தரு 84 பக்கம் பி.டி.எஃப். ஜெர்மன்ல.
- ஒருத்தரு ரோசாப்பூ, இனிய காலை வணக்கம். மணி மதியம் ரெண்டு.
- கவிதா அக்கா: "தொறந்து பாரு விக்கி. நான் வெயிட் பண்றேன்."

அப்பறம் ஓனரு ஃபோனு. தங்கராசு அண்ணே. இனிமே த.அ., முழுப்பேரு எழுதுற அளவுக்கு இன்னிக்கு எனக்கு மனசில்ல.

"ஏலே, துணி க்ளிப்புக்காடா பொங்கல் புக்கிங்க நிறுத்துற?"

"ஆமாண்ணே."

"பதினஞ்சு வருசமாப் பறக்குறேன். ஒரு நா ரிசர்வ தொட்டதில்ல."

"தொட்டிருந்தா இப்பிடிப் பேச மாட்டீகண்ணே."

"வாய் நீளுது. அது சேட்டனோடது ரோட்டுல விழுந்துச்சுல்ல, அதுலருந்து எங்கனயாச்சும் தெறிச்சுருக்கும். யோசிக்க மாட்டியா?"

இருக்கலாம். அதான் எரிச்சலே. அவரு சொல்றது சரியாக் கூட இருக்கலாம்.

"வியாழக்கெழம பொங்கலு. வெயிட் பண்ணுவேன் புதன் மதியம் வரைக்கும். அதுக்குள்ள முடி. க்ளிப்பு கெடைக்கலேன்னா, இல்லாத பூதத்தக் கெளப்புனதுக்கு நீ சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிரு. வேற ஆளு இருக்கு."

"யாருண்ணே?"

"யாராச்சும்."

காலேஜு போச்சு. கேம்ப்பு போச்சு, அங்கயும் வாய்தான். மூணாவதா இது. இந்த வேல மட்டும் எனக்குப் புடிச்சிருக்கு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல.

ஜன. 13, செவ்வாய்
வெயில். ஹால்ல ஃபேன் ஒண்ணுதான் ஓடுது.

சேட்டன் ஒத்தாசைக்கு வந்தாரு. வர்ற வழியில ஜீப்ப நிறுத்திட்டு வளைவு பூரா நடந்து தேடிருக்காரு. கெடச்சது: செருப்பு ஒத்த, சாராய பாட்டிலு, ஏலக்காச் சாக்கு. க்ளிப்பு இல்ல. "ஞான் பண்ணுன பணியாணல்லோ," அப்பிடின்னாரு. தன்னால வந்த வெனதானேன்னு, ரோட்டுல தேச்சதச் சொல்றாரு. மனசு கேக்கல போல.

பேசஞ்சர் இல்லாமத் தனியாப் பறக்குற செட்டு மூணையும் மொதல்ல எடுத்தோம். தொற, ஒதறு, தொங்க விடு, கயிறு கயிறாப் பாரு, காய விடு, மடி, எண்ணு, கையெழுத்து. ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம்.

ஒண்ணு: இல்ல.
ரெண்டு: இல்ல. கயித்துக்குள்ள ஒரு பூச்சி. உசுரோட.
மூணு: இல்ல.

ஒவ்வொண்ணுலயும் "இல்ல"ன்னதும் ஒரு நிம்மதி, அடுத்த நிமிசமே வயித்தெரிச்சல். இருந்தா பயங்கரம். இல்லேன்னா நான் கோமாளி. எதுன்னு வேண்டிக்கிறது?

நாலு மணிக்கு த.அ. வந்தாரு. மூஞ்சி பூரா சிரிப்பு. சட்டப் பையில இருந்து நீல க்ளிப்ப எடுத்து மேச மேல வச்சாரு.

"இந்தா. வளைவுல கெடந்துச்சு. திருப்தியா?"

எடுத்துப் பாத்தேன். பளபளன்னு. ஸ்பிரிங்குல ஒரு கீறல் இல்ல. நம்பர் இல்ல.

"நம்பர் எங்கண்ணே?"

"மழையில அழிஞ்சிருக்கும்."

"எந்த மழையில? ஞாயித்துக்கெழமையில இருந்து ஒரு தூத்தல் இல்ல."

"பனியில அழிஞ்சிருக்கும்டா."

சேட்டன் இருமுற மாதிரி ஜன்னலுப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. முதுகு குலுங்குது.

"அண்ணே, இது பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது. நானும் அங்கனதான் வாங்குனேன்."

அவரு மூஞ்சியில சிரிப்பெல்லாம் போயிருச்சு. "விக்கி, ஒன் மார்க்கர எடு. ஏழுன்னு எழுதிக்க. பன்னெண்டு ஆயிருச்சா? ஒன் மானமும் போகல, என் பொங்கலும் போகல. இதுக்கு மேல ஒருத்தன் எறங்கி வர மாட்டான்."

"வேணாம்ணே."

"பதினஞ்சு வருசம்டா..."

"தெரியும்ணே. திங்கக்கெழமையே சொன்னீக."

க்ளிப்ப மேசையிலயே விட்டுட்டுப் போனாரு. படியில அவரு சொன்னது கேட்டுச்சு: "டிகிரி முடிக்காதவன் கையில சாவியக் குடுத்தா இப்பிடித்தான்."

இவுகல்லாம் எப்பிடி இத்தன வருசம் உசுரோட இருக்காக?

சாயங்காலம் கவிதா அக்கா ஃபோனு. நாளைக்கு மதியம் ஹார்னஸ எடுத்துட்டுப் போக வருவாகளாம். "அவரு பேசுறத மனசுல வச்சுக்காத. நீ மடிச்சதுன்னா நான் திருப்பிக் கூட பாக்குறதில்ல, தெரியும்ல?"

சரிக்கான்னேன். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. அத இங்க எழுதிக்கிறேன்.

ஜன. 14, புதன், போகி
பொக. எவனோ டயரக் கொளுத்திருக்கான். ஜன்னலெல்லாம் சாத்திட்டேன், துணியில வாட ஏறக் கூடாது.

மிச்சம் ரெண்டு. த.அ.வோடது, அக்காவோடது. அக்கா மதியம் வர்றதால அவுகளோடத மொதல்ல எடுத்தேன். சேட்டன் டீ குடிக்கப் போனாரு, வட போட்டுட்டு இருக்காகளாம், லேட்டாகும்னாரு.

10.40. பைய தொறந்தேன். கயிறு சரி. மொத மடிப்பு சரி. ரெண்டாவது சரி.

மூணாவது மடிப்பு வரல.

இழுத்தேன். வரல.

நீலம்.

ரெண்டு மடிப்பையும் ஒரு கயித்தையும் சேத்துக் கவ்விக்கிட்டு இருக்கு. 7. நம்பர் என்னயப் பாக்குற பக்கமா.

கையெடுத்துட்டேன். தரையில ஒக்காந்துட்டேன்.

எப்ப, யாரு மடிச்சான்னு எழுதி வைக்கிற கார்டு பாத்தேன். பாக்காமலே தெரியும். வெள்ளி, ஒம்பதாம் தேதி, மடிச்சது: என் கையெழுத்து. சரிபாத்தது: அதுவும் என் கையெழுத்து. ரெண்டாவது ஆளு பாக்கணும்னு நாந்தான் ரூல் எழுதி செவுத்துல ஒட்டினேன்.

இப்ப எல்லாம் ஞாபகம் வருது. வெள்ளிக்கெழம, கடைசி பேக்கு. மெட்ராஸ்ல இருந்து காலேஜுக் கூட்டாளி ஃபோனு. வேல கெடச்சிருச்சாம், நீ என்னடா பண்றன்னு கேட்டான். தோளுக்கும் காதுக்கும் நடுவுல ஃபோன இடுக்கிக்கிட்டு மடிச்சேன். அவன்கிட்ட நான் பேசிக்கிட்டு இருந்தது என்னன்னா, நம்மூருல எவனுக்கும் சேஃப்டின்னா என்னன்னே தெரியாதுங்கிறத.

சனி ரெண்டு. ஞாயிறு மூணு. அஞ்சு தடவ அக்கா இது மேல ஒக்காந்து பறந்திருக்காக. முன்னாடி ஒரு ஆளக் கட்டிக்கிட்டு. அந்த மண்டிக்காரரு கத்துனதுக்கு நான் கீழ நின்னு சிரிச்சேன்.

11.05. சேட்டன் இன்னும் வரல.

மேச மேல த.அ.வோட க்ளிப்பு.

ஏழ உருவிட்டு ஜன்னல் வழியா வீசுனா முடிஞ்சது. கீழ குப்ப எரியுது. புதுசுல நம்பர் எழுதுனா பன்னெண்டு. ரோட்டுலதான் கெடந்துச்சு, அண்ணே சொன்னது சரிதான், மன்னிச்சுக்கங்கண்ணேன்னு சொன்னாப் போதும். அவரு சிரிப்பாரு, ஒரு மாசம் குத்திக் காட்டுவாரு, அவ்வளவுதான். வேல இருக்கும். அக்கா திருப்பிக் கூட பாக்க மாட்டாக.

உண்மையச் சொன்னா? க்ளிப்பு கெடச்சிருச்சு, பூதம் நெசந்தான், அதனால த.அ. சொன்ன கணக்குப்படி வேல போகாது. ஆனா அந்த பூதம் நாந்தான்னு ஆயிரும். அப்பறம் யாரு என்னய மடிக்க விடுவா? நானே விட மாட்டேன். வேற எவனாச்சும் இப்பிடிப் பண்ணிருந்தா இந்நேரம் குரூப்புல கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன்.

11.15. மார்க்கர எடுத்தேன். புதுசுல 7 எழுதிட்டேன். எழுதிட்டேன். யாரு பாக்கப் போறா இந்த நோட்ட, அதனால எழுதுறேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு வித்தியாசம் இல்ல. ஒரே கை.

ஜன்னல தொறந்து நின்னேன். கீழ ஒரு அம்மா பழைய பாய எரிச்சுக்கிட்டு, "ஏலே தள்ளி நில்லுங்கடா, மேல பட்டுறப் போகுது"ன்னு பிள்ளைகள வெரட்டுது.

11.40. உருவல. மூணாவது மடிப்பு அப்பிடியே இருக்கு, க்ளிப்பு கவ்வுனபடி. பையோட கைப்பிடிய அக்கா ஏறி வர்ற படிப் பக்கம் பாத்து வச்சிருக்கேன். அவுகளே இழுத்துப் பாக்கட்டும். நான் வாயில சொன்னா கொறச்சுச் சொல்லிருவேன், எனக்கு என்னயத் தெரியும். இழுத்தா வராதுல்ல, அது போதும்.

கார்ட பக்கத்துல வச்சாச்சு. புது ஏழையும் வச்சாச்சு. அது என்னான்னு கேப்பாக. அதையும் சொல்லணும்.

சேட்டன் வடையோட வந்துட்டாரு. துணியப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு. தட்ட கீழ வச்சுட்டு, "எடா, ஞான் நிக்கணுமா, போகணுமா?"

நில்லுங்கன்னேன்.

த.அ.வோட ரிசர்வ இன்னும் தொறக்கல. ஏழுதான் கெடச்சிருச்சே, அத எதுக்குத் தொறக்கணும்னு கேப்பாரு. தொறப்பேன். வெள்ளிக்கெழம இந்தக் கை வேற என்ன பண்ணுச்சோ. மடிக்கிறது சேட்டன், பாக்குறது நானு. இல்ல, பாக்குறதும் வேற யா

கீழ ஸ்கூட்டி சத்தம். அக்காதான், ஹாரன் ரெண்டு தடவ அடிப்பாக. படியேறுறாக. போறேன்.