நடுப்பகலில் எரியும் விளக்கு

மார்ச் 4

அன்புள்ள சாயக்காரா,

கலங்கரை விளக்கம் விழுந்துவிட்டது. நேற்றைய புயலில், அடியோடு.

நான் வியாபாரி, சுற்றி வளைக்க மாட்டேன். துறைமுக அருங்காட்சியகம் இப்போது அதன் வரலாற்றைப் படங்களாகத் தேடுகிறது. என் கடையில் நீ வரைந்தவை ஆறு இருக்கின்றன: கல்மேடையில் விறகு எரித்த காலம், வெள்ளைக் கோபுரம், சிவப்புப் பட்டை அடித்தது, கடைசியில் அலை அடித்தளத்தைத் தின்றது வரை. பார்த்த அதிகாரி சொக்கிப்போனார். ஒரே குறை: "எல்லாமே பட்டப்பகல். விளக்கு ஏன் சார் எரியுது?"

நியாயம்தானே! மாதிரிக்குக் கடைசிப் படத்தில் மட்டும், படங்களுக்குச் சட்டம் போடுபவரை விட்டு, மேலே சாயம் பூசி விளக்கை அணைத்துவிட்டேன். அம்சமாக இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் சரி என்று ஒரு வரி எழுது. மகள் வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறதா?

உன் முதலாளி

மார்ச் 11

முதலாளிக்கு,

என் மகன் போனது ராத்திரியில் என்றுதானே நினைத்திருக்கிறாய்? எல்லோரும் அப்படித்தான். நானும் திருத்தவில்லை.

நடுப்பகல். திடீரென்று மூடுபனி இறங்கிக் கரை மறைந்துவிட்டது. விளக்குக் காவலரிடம் ஓடினேன். "பகல்ல ஏத்த உத்தரவு இல்லண்ணே" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். என் மகனின் படகு பாறையில் மோதியது.

அதற்குப் பிறகு வரைந்ததில் எல்லாம் பகலிலேயே ஏற்றிவைத்தேன். விறகுக் காலத்துக்கும் போய் ஏற்றினேன். அவன் எந்தக் காலத்தில் திரும்பினாலும் வெளிச்சம் இருக்கட்டும் என்று.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. அணைத்ததை எனக்கு அனுப்பிவிடு. மற்றவற்றை என்ன வேண்டுமானாலும் செய். இனி எழுத வேண்டாம்.

அவன் அப்பா

மார்ச் 20

சாயக்காரா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

மேலே பூசியதைத் துடைக்கச் சொன்னேன். அதோடு உன் மஞ்சளும் சேர்ந்து வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் உன்னிடம் விலையைத் தவிர வேறு எதையுமே நான் கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதிகாரியிடம் காரணம் சொல்லவில்லை, அது உன்னுடையது. "விளக்கு எரியத்தான் செய்யும், பிடிச்சா எடுங்க" என்றேன். அணைந்த படத்துக்கு மட்டும் முழு விலை தருகிறார்களாம். தரவில்லை. பொட்டலம் கட்டி இன்று உனக்கு அனுப்பிவிட்டேன்.

மற்ற ஐந்தும் பாதி விலைக்கு முடிந்தது. பணம் முழுவதும் உனக்கு, எனக்குத் தரகு கிடையாது. விளக்கில் யாரும் கைவைக்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.