மாட வீதியில் உன் பக்கத்து இடம்

அன்புள்ள காவேரிக்கு,

நீ எனக்குச் செய்தது பெரிய அவமானம். நலம் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். எட்டி வைக்காமல், தறி மிதிப்பதுபோல் கிட்டக் கிட்டக் காலை வைத்து ஓடினால் முட்டி வலிக்காது என்று ஊரில் இருந்தபோதே நான் சொன்னேன். "ஓடறதுக்கும் தறியா?" என்று சிரித்தாய். நேற்று போனில், "எதிர்வீட்டு சீனிவாசன் அண்ணன் கூடவே ஓடிக்கினு, கிட்டக் கிட்டக் கால் வைக்கச் சொல்லிக் குடுத்தாருங்க, இப்ப வலியே இல்லை" என்கிறாய். நான் சொன்ன அதே பேச்சு!

அந்தக் கோபத்தில் இங்கே சூரத் பூங்காவில் நானே எட்டி எட்டி ஓடினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பயப்படாதே, வேலைக்கு நடந்துதான் போகிறேன். தைலம் தேய்த்துவிடத்தான் ஆளில்லை.

உன் முட்டி உண்மையிலேயே தேவலையா?

பட்டறையில் சங்கு ஊதிவிட்டது. தம்பி முத்துக்குமாரிடம் சொல்லி நம் வீட்டுத் தைலத்தை அனுப்பிவை. நீ கோயிலை வலமாகவே சுற்றி ஓடு. சீனிவாசனும் வலமாகவே ஓடட்டும், உன் எதிரே வரக் கூடாது. நீ கிழக்கு மாட வீதியில் ஓடும்போது அவர் மேற்கு மாட வீதியில் இருக்க வேண்டும். கருட சேவைக்கு நான் வரும்வரை உன் பக்கத்து இடம் காலியாகவே இருக்கட்டும்.

கைலாசம்