கலவாத சொல்

என்னைப் பெற்ற அன்பு ஐயாவுக்கு,

நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவர் இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நினைவிருக்கிறதா? எங்கள் ஊர் சுருவில் கோயில் திருவிழாவுக்கென்று தெற்கிலே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தீர்கள். நல்லெண்ணெயில் வேறெண்ணெய் கலந்து அனுப்பிய கம்பனியின் ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னீர்கள். கடைசி வரிக்கு வந்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டீர்கள்.

“சின்சியர்லியோ? கலப்பெண்ணெயை அனுப்பிப்போட்டுக் கீழை என்ன போட்டிருக்கிறான் பார்! அதுக்கு என்ன பிள்ளை கருத்து?”

“உண்மையுள்ள எண்டு சொல்லலாம், ஐயா.”

“அது எனக்கும் தெரியும். அந்தச் சொல் எங்கையிருந்து வந்தது எண்டு பார்த்துச் சொல்லு. வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவம்.”

அம்மா குசினிக்குள் சிரித்தது கேட்டது. நீங்கள் திரும்பிப் போய்ச் சில கிழமைகளில், நீங்கள் இல்லை என்று தந்தி வந்தது.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பெரிய அகராதி ஒன்று இருக்கிறது. செத்தவீட்டு லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே அதை எடுத்துப் பார்த்தேன். சின்சியர் என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டாம். பழைய ரோமாபுரியில் சிலை விற்றவர்கள் கல்லின் வெடிப்பை மெழுகால் மூடி விற்பார்களாம். நேர்மையானவன் ‘மெழுகில்லை’ என்று சொல்லி விற்பானாம். அதிலிருந்துதான் அந்தச் சொல் பிறந்ததாம். எனக்குக் கதை பிடித்துக்கொண்டது. அகராதி ஒப்புக்கொள்ளவில்லை. இலத்தீனில் அதன் பழைய கருத்து சுத்தமானது, வேறொன்றும் கலவாதது என்பதுதான் என்கிறது.

கலவாதது, ஐயா. எண்ணெய்க்கும் சொல்லலாம்.

அந்தக் கிழமைதான் உங்கள் கல்வெட்டு எழுதி வந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று சபையில் வாசித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தில், வழக்கம்போல ஊர்ப் புலவர், எங்கள் வீட்டில் எல்லார் பெயரிலும் ஒவ்வொரு புலம்பல் பாடியிருந்தார். மகள் புலம்பலில் நான் உங்களை ‘கோபமறியாக் குணக்குன்றே’ என்று அழைத்து அழுகிறேன். கோபமறியாத ஆளா நீங்கள்? புலவர் நல்ல மனிதர். ஆனால் ஊருக்கு முன்னால் உங்களுக்காக நான் அழக்கூடிய ஒரே இடத்தில் அவர் அழுதுவிட்டார்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு நானே சில வரிகள் எழுதினேன். அச்சகத்துக்குப் போகப் புறப்பட்டு நின்ற மாமா அதை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“சபையிலை வாசிக்கிறது, பிள்ளை. செத்த மனுசனைக் கோபக்காரர் எண்டு எழுதேலாது. சனம் என்ன கதைக்கும்?”

எனக்காக அம்மாதான் பேசினார்.

“எழுதட்டும் தம்பி. உந்தக் கோபத்தோடைதானே நான் இவ்வளவு காலமும் சீவிச்சனான். அதை எடுத்துப்போட்டால் ஆரை எண்டு நான் அழுறது?”

தன்னுடைய புலம்பலில் மட்டும் ஒரு எழுத்தும் மாற்ற அம்மா விடவில்லை. புலவரின் வரிகளைப் பாடமாக்கி, சொல்லிச் சொல்லி அழுதார். அந்த அழுகையில் எனக்கு ஒரு கலப்பும் தெரியவில்லை. பிறர் எழுதிய சொல்லும் அப்படி ஆகுமா? உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தியேட்டியன்று மாமாதான் வாசித்தார். “எங்கள் ஐயா கோபக்காரர். கெட்ட சாமானைக் கண்டால் கோபிப்பார். எங்களோடு கோபித்தால் தான் சாப்பிடமாட்டார். நாங்கள் சாப்பிட்டோமா என்று மட்டும் கேட்பார்.”

பின்னாலிருந்து யாரோ “ஓம், ஓம்” என்றார்கள். மாமாவுக்கு அதற்குமேல் வாசிக்க ஏலாமல் போய்விட்டது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத உங்கள் மகள் எழும்பிப்போய் மிச்சத்தை வாசித்து முடித்தாள்.

அந்தச் சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டாம், ஐயா. நான் வைத்துக்கொள்கிறேன். மனத்தில் இல்லாத இடத்தில் அதை ஒருநாளும் எழுதமாட்டேன். இங்கே எழுதலாம்.

உண்மையுள்ள,
உங்கள் கோபத்துக்கும் உரித்தான மகள்,
சுருவில்.