பிளக்ஸில் இல்லாத தாத்தா

ஞாயிறு, இரவு.

எங்கள் ஊரிலிருந்து பர்மா சண்டைக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் செல்வியின் தாத்தா, இன்னொருவர் என் அம்மாவின் அப்பா. இருவரும் ராணுவ உடுப்பில் சேர்ந்து நிற்கும் படம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஊரில் அவர்களுக்கு விழா எடுக்கிறோம் என்று செல்வி வந்து கேட்டதும் சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்.

இன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தல் வாசலில் பெரிய பிளக்ஸ். அதில் செல்வியின் தாத்தா மட்டும் நின்றார். அவர் தோளில் என் தாத்தாவின் விரல்கள். மற்றதை வெட்டிவிட்டார்கள். கிட்டே போய் அம்மா அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

செல்வியைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"நா என்னடி பண்றது? உங்க தெரு ஆளப் பக்கத்துல நிறுத்துனா எங்காளுக யாரும் வரமாட்டாங்கன்னு எங்கண்ணன் சொல்லிப்போட்டாரு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"படம் கேக்க உங்க ஊட்டுக்கு வந்தப்பவே தெரியும்."

அம்மாவோடு திரும்பிவிட்டேன். நாளைக்குப் படத்தைக் கொண்டுவருவதாகச் செல்வி சேதி அனுப்பினாள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். இனி அவள் எங்கள் வாசலுக்கு வர வேண்டாம்.