அம்மா விட்ட ஒரேயொரு கணக்குப் பிழை

கணக்கில் ஒருநாளும் பிழை விடாத என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. போன கிழமை வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நேரே விஷயத்துக்கு வந்தால் உங்களுக்குப் பிடிக்காது. செய்முறையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதியவளுக்கு நீங்கள் எந்தக் காலத்தில் புள்ளி போட்டீர்கள்? ஆகவே முதலில் இருந்தே வருகிறேன்.

லண்டனில் இருந்து சின்ன மாமா அந்தக் கொம்பியூட்டரை அனுப்பியது தம்பிக்கு. எண்பத்தைந்தாம் ஆண்டென்று நினைக்கிறேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பலகை, அதில் அழிறப்பர் போன்ற சாவிகள். மிச்சம் எங்கே என்று அப்பா பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். மிச்சம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான் என்று நீங்கள் கைநூலை வாசித்துக் கண்டுபிடித்தீர்கள். அன்றோடு அப்பாவின் செய்தியும் கிரிக்கெட்டும் போயின. தம்பி இரண்டு நாள் அதில் பந்து தட்டி விளையாடினான். படிக்கிற சாமானில் என்ன விளையாட்டு என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். பிறகு அது தம்பியின் கொம்பியூட்டர் என்று வீட்டில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் எழுதும் புறோகிராமைக் கசெட்டில் பதிய வேண்டும். திரும்பவும் தேவையென்றால் அந்தக் கசெட்டை ஓடவிட வேண்டும். ஓடும்போது அது போட்ட கீச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, ஆட்டுக்குட்டி ஏதும் கிணற்றுக்குள் விழுந்துவிட்டதோ என்று விசாரித்தது நினைவிருக்கிறதா? சத்தம் ஓயும்வரை வீட்டில் ஒருவரும் அசையக்கூடாது. பாதியில் நின்றுவிட்டால் உடனே குற்றவாளியைத் தேடுவீர்கள். நான் மிளகாய் இடித்தது, மழை ஈரம், மின்சார சபை, எல்லாம் குற்றவாளிகள். உங்கள் கணக்கு மட்டும் ஒருநாளும் கூண்டில் ஏறியதில்லை.

அதிகம் மாட்டுப்பட்டது அப்பாதான்.

"இஞ்சேரும், நான் கதிரையிலை சும்மா தானே இருந்தனான்?" என்று ஒருநாள் பாவம்போலக் கேட்டார்.

"பலமா மூச்சு விட்டனீங்கள்" என்றீர்கள்.

பொருத்தம் பார்க்கும் புறோகிராம் எழுத வேண்டுமென்ற எண்ணம் உங்களுக்கு வந்தது சாதகம் பார்க்கும் ஊர்ச் சாத்திரியாரால். உங்களோடு படிப்பித்த ரீச்சர் ஒருவரின் தங்கைக்கு அவர் காலையில் பொருத்தம் என்றும் பின்னேரம் இல்லையென்றும் சொன்னாராம். நட்சத்திரம் இருபத்தேழு, பொருத்தம் பத்து, விதி முழுக்கப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, இந்த அட்டவணையைப் பார்க்க ஒரு மனிதர் எதற்கு என்று கொதித்தீர்கள். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க இருந்து தட்டினீர்கள். நடுவில் கரண்ட் போனால் தட்டியதெல்லாம் போய்விடும். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு திரும்பவும் முதல் வரியில் இருந்து தொடங்குவீர்கள். அந்தப் பொறுமையில் பாதியை அடுப்படிக்குக் காட்டியிருந்தால் நாங்கள் கொழுத்திருப்போம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றம் நிறையச் செருப்பு. பெண்ணைப் பெற்றவர்கள் சாதகத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதற்குத் தமிழ் தெரியாதபடியால், இங்கிலீசு எழுத்தில் "பொருத்தம் உண்டு" என்று நீங்கள் காட்ட வைத்திருந்தீர்கள். சாத்திரியாரின் வாசல் வெறிச்சோடியது. தன்னுடைய கிரகங்கள் கரண்ட் இல்லாவிட்டாலும் சுற்றும் என்று அவர் கோயிலடியில் சொல்லியனுப்பினார். அவர் பார்த்த பொருத்தங்களில் பாதி பிழையென்று மெசின் காட்டுவதாக நீங்கள் பதில் அனுப்பினீர்கள். ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு.

அந்த நேரத்தில்தான் மெசினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி எரிந்தது. சாவகச்சேரியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர் வந்து ஈயம் உருக்கிப் பற்றவைத்துவிட்டுப் போனார். அவரை உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினீர்கள். அப்பாவுக்கே கிடைக்காத கதிரை அது. அதன் பிறகு மெசினுக்கு ஒரு குறையும் இல்லாத நாட்களிலும் அந்த மனிதர் "எப்படி வேலை செய்யுது" என்று கேட்க உடுவிலில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் என்னைப் பார்க்காமல் தேத்தண்ணியையே பார்ப்பார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உங்களுக்கு அது தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்த மடைச்சி நான்.

அவருடைய தாயார் முறைப்படி கேட்டு வந்தார். சாத்திரியாரிடம் ஏற்கெனவே காட்டியாயிற்று. அருமையான பொருத்தம் என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு கிழமையாகக் கரண்ட் இல்லாதபடியால் உங்கள் மெசின் தூங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, எல்லோரும் முறுக்கும் பயித்தம் பணியாரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கூடவே வந்திருந்த சாத்திரியார் சிரித்தார்.

"ரீச்சர், உங்கடை மெசினையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்."

சபையில் மறுக்க முடியுமா? கசெட்டைப் போட்டீர்கள். அது கீச்சிடத் தொடங்கியதும் கடித்த முறுக்கை மெல்லாமல் எல்லோரும் உறைந்துபோய் இருந்தார்கள். அப்பா மட்டும் எழும்பி நடந்தார். இருமினார். கதிரையை இழுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டுமென்றே பலமாக மூச்சும் விட்டார். அன்றைக்கென்று அந்தக் கசெட் ஒரு குறையும் இல்லாமல் ஓடி முடிந்தது. இரண்டு நட்சத்திரத்தையும் தட்டினீர்கள். பத்துக்கு மூன்று. கீழே, பொருத்தம் இல்லை.

அவருடைய தாயார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் குசினி வாசலில் நின்றேன். என் வாழ்க்கை போய்விட்டதென்றே நினைத்தேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தீர்கள்.

"சாத்திரியார், நீங்கள் சொன்னதுதான் சரி. என்ரை கணக்கிலை பிழை இருக்கு."

அப்பா பொத்தென்று கதிரையில் இருந்தார். சாத்திரியாருக்கே அதை நம்ப முடியவில்லை. எந்த இடத்தில் பிழையென்று மெதுவாகக் கேட்டார்.

"அதைத்தான் இனித் தேட வேணும்" என்று சொல்லி மெசினை நிற்பாட்டினீர்கள்.

என் கலியாணம் நடந்தது. சாத்திரியார் அந்தக் கதையை ஊரின் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொன்னார். உங்களுக்குப் பக்கத்துப் பந்தியில் இருந்துகொண்டே சொன்னார். நீங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டீர்கள். வாய்ப்பாடு பிழைத்த பிள்ளையைக்கூட மன்னிக்காத நீங்கள், அந்தச் சிரிப்பையெல்லாம் எப்படித் தாங்கினீர்கள்? பிழையைக் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று நான் கேட்கும்போதெல்லாம், "இன்னும் தேடுறன்" என்பீர்கள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்து எங்கள் வீட்டுக்கு, சாவகச்சேரிக்கு, நடந்து வந்தபோதும் அந்தப் பலகையைச் சேலையில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தீர்கள். ரீவி இல்லை, கரண்ட் இல்லை, உது எதற்கு என்று அப்பா கேட்டார். பிழை தேட வேண்டும் என்றீர்கள். அந்த நிலைமையிலும் அப்பா சிரித்தார்.

இனி விடை. உங்கள் பேத்திக்குக் கலியாணம் பேசுகிறோம். பொருத்தம் பார்ப்பதற்கு அவளுடைய போனிலேயே ஏதோ இருக்கிறது. கீச்சுச் சத்தமும் இல்லை, தாராளமாக மூச்சு விடலாம். போன கிழமை அவள் விளையாட்டுக்கு என் நட்சத்திரத்தையும் தகப்பனுடைய நட்சத்திரத்தையும் போட்டாள்.

பத்துக்கு மூன்று, அம்மா.

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். உங்கள் மருமகன் பத்திரிகையில் இருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

"மாமி கணக்கிலை பிழை விடுவாவோ? எனக்கு அண்டைக்கே தெரியும்."

இத்தனை வருடமும் இந்த மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறார். நான் எழும்பிக் குசினிக்குப் போய் நன்றாக அழுதேன். பத்துக்கு மூன்றென்று தெரிந்துகொண்டே என்னைக் கட்டிக் கொடுக்க உங்களுக்குப் பயம் வரவில்லையா? அல்லது கண்ணாடி துடைத்த அந்த நேரத்தில், அட்டவணையில் இல்லாத எதையாவது கூட்டிப் பார்த்தீர்களா?

சாத்திரியார் இன்னும் உயிரோடு இருக்கிறார். காது மந்தம். கண்ணும் தெரியாது, பத்திரிகை வாசிப்பதை விட்டுவிட்டார். அந்தத் துணிவில்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். பேத்தியின் கலியாணத்துக்கு வந்து, முன்பந்தியில் இருந்து, ரீச்சரின் மெசின் பிழைத்த கதையை நிச்சயம் சொல்லுவார். உங்கள் கணக்குச் சரியென்று அவர் காதுக்குள் கத்த எனக்கு நாக்குத் துடிக்கும். ஆனால் கத்தமாட்டேன் அம்மா, இது சத்தியம். எனக்காகத் தெரிந்தே விட்ட பிழையை நான் திருத்தமாட்டேன். அவருக்கு இன்னொரு அகப்பை பாயாசம் விட்டுவிட்டு, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
பத்துக்கு மூன்று எடுத்தும் சித்தியடைந்த
உங்கள் மூத்த மகள்